முத்திரை விழாத நாற்பத்து மூன்று

ஆஸ்பத்திரிக்குப் போன் வந்தபோது நர்ஸம்மா ஒரு குழந்தைக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். குழந்தை போட்ட கூச்சலில் மறுமுனையில் பேசியவர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது. உடனே கிளம்பி வாக்கு எண்ணும் இடத்துக்கு வரவேண்டுமாம். எழுபத்தொன்றாம் பெட்டியில் ஏதோ சிக்கலாம். தபால்காரரையும் கையோடு கூட்டிக்கொண்டு வரவேண்டுமாம்.

“என்ன சிக்கல்?” என்று கேட்டாள்.

“வந்து பாருங்க” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள்.

எழுபத்தொன்றாம் பெட்டி அவளுடைய பெட்டி. முந்தின நாள் நடந்த நாடாளுமன்றத் தேர்தலில் மலைமேல் இருக்கிற ஊரின் வாக்குச்சாவடிக்கு அவள்தான் தலைமை அதிகாரி, தபால்காரர் அவளுக்கு உதவி. நர்ஸுக்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு அரசாங்கத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. சம்பளப் பட்டியலில் பெயர் இருந்தால் போதும், தேர்தல் நேரத்தில் எல்லாத் தலையும் ஒரே தலைதான். வெளியூர் ஆட்களைத்தான் போடவேண்டும் என்று ஒரு விதி இருக்கத்தான் செய்கிறது. பேருந்து நிற்கிற இடத்திலிருந்து இரண்டு மணி நேரம் மேட்டில் ஏறவேண்டும் என்று தெரிந்ததும் அந்த வெளியூர் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வியாதி வந்துவிட்டது. அதில் இரண்டு பேருக்கு டாக்டரிடம் சான்றிதழ் எழுதி வாங்கிக் கொடுத்ததே இவள்தான். கடைசியில் வேலை இவள் தலையிலேயே விடிந்தது.

கை கழுவப் போனாள். வலது உள்ளங்கையில் ஊதா நிறத்தில் ஒரு வட்டம். முத்திரை மை. நேற்றிலிருந்து ஆஸ்பத்திரி சோப்பு போட்டு எத்தனை தடவை தேய்த்தும் முழுதாகப் போகவில்லை. நாள் பூராவும் அடுத்தவன் தாளில் குத்திக் குத்தி கடைசியில் தனக்கே குத்திக்கொண்டேன் போல என்று நேற்று சாயங்காலம் அவளே சிரித்துக்கொண்டாள். இப்போது சிரிக்கவும் தெம்பில்லை. இரண்டு ராத்திரியாக மொத்தம் ஐந்து மணி நேரம்கூடத் தூங்கியிருக்க மாட்டாள்.

ஆஸ்பத்திரி என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். எட்டுக் கட்டில், மருந்து வைக்கிற ஒரு குளிர்பெட்டி, வாரத்தில் இரண்டு நாள் எட்டிப்பார்க்கிற டாக்டர், ஒரு பிரசவ அறை. ஆனால் அந்தப் பிரசவ அறை இருக்கிறதே, அதுதான் இந்தச் சுற்றுவட்டாரத்துக்கே உயிர். மலையிலிருந்து பெண்களைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கினால் அங்கேதான் வந்து சேருவார்கள். இருபத்திரண்டு வருடமாக நர்ஸம்மா அங்கேதான் நின்று பிரசவம் பார்க்கிறாள். அதை மூடிவிட்டு, அவளையும் சேர்த்து, மூன்று மணி நேரத் தொலைவில் இருக்கிற நகரத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றிவிடுவது என்று மேலே முடிவாகிவிட்டது. தேதிகூடக் குறித்துவிட்டார்கள், இன்னும் இரண்டு மாதம் கழித்து ஒன்றாம் தேதி. தொகுதி உறுப்பினர் சம்மதம் என்று ஒரு கையெழுத்துப் போடவேண்டும், அதுதான் பாக்கி. யார் அந்த உறுப்பினர் என்பதுதான் நேற்றைய தேர்தல்.

போட்டி இரண்டு பேருக்குள்தான். பழைய உறுப்பினரை ஜனங்கள் பாலத்தார் என்பார்கள். மூன்று தேர்தலாக ஆற்றுக்குக் குறுக்கே பாலம் கட்டித் தருகிறேன் என்று சொல்லிச் சொல்லியே ஜெயித்தவர். ஆற்றில் பாலம் வரவில்லை, அவர் பேரில் வந்துவிட்டது. பிரசவ அறையைப் பற்றிக் கேட்டதற்கு, “நகரத்துல வசதி ஜாஸ்தி. பாலம் வந்துட்டா ஒன்றரை மணி நேரத்துல போயிடலாமே!” என்றார். எதிரே நின்றவர் மாட்டு டாக்டர். “நான் ஜெயிச்சா அந்தக் காகிதத்துல கையெழுத்துப் போடமாட்டேன். வேற பெருசா என்னால ஒண்ணும் முடியாது” என்று மேடையிலேயே சொன்ன அப்பாவி. இப்படிப் பேசினால் எவன் ஓட்டுப் போடுவான் என்று அவருடைய ஆட்களே தலையில் அடித்துக்கொண்டார்கள். ஆனால் ஜனங்களுக்கு என்னவோ அந்தப் பேச்சு பிடித்துப்போனது.

யாருக்குப் போடுங்கள் என்று நர்ஸம்மா ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. ஊசி போடும்போதுகூட அந்தப் பேச்சு எடுத்ததில்லை. ஆனாலும் மனசு என்று ஒன்று இருக்கிறதே.

பேருந்து நிறுத்தத்தில் தபால்காரர் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தார். ஊர்க்கதையை உறை பிரிக்காமலே படித்துச் சொல்லிவிடுகிற மனுஷன். அன்றைக்கு வாயே திறக்கவில்லை. “என்னண்ணே, உடம்பு சரியில்லையா?” என்று கேட்டதற்கு, “ராத்திரி சரியாத் தூங்கல நர்ஸம்மா” என்று சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். யார்தான் தூங்கினார்கள், இவர் தூங்குவதற்கு என்று அவளும் விட்டுவிட்டாள்.

வாக்கு எண்ணிக்கை ஒரு பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில் நடந்தது. வரிசையாக நீள மேஜைகள். விடிகாலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தவர்களின் முகமெல்லாம் பிழிந்து காயப்போட்ட துணி மாதிரி இருந்தது. ஐம்பது ஐம்பதாக ரப்பர் வளையம் போட்ட வாக்குக் கட்டுகள் இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கு அடுக்கியிருந்தன. எழுபத்தொன்றாம் பெட்டி மட்டும் தனி மேஜையில் இருந்தது. மலையிலிருந்து தலைச்சுமையாக இறங்கிய பெட்டி என்பதால் அதுதான் கடைசியாக வந்து சேர்ந்தது. கடைசியாகத்தான் திறந்தார்கள்.

தேர்தல் அதிகாரிக்குத் தொண்டை கட்டிப்போயிருந்தது. ஒரு மிட்டாயை வாயில் அடக்கிக்கொண்டு பேசினார்.

“உங்க சாவடியில மொத்தம் இருநூத்திப் பன்னெண்டு ஓட்டு. பதிவேடு சரியா இருக்கு, தாள் கிழிச்ச அடிக்கட்டை சரியா இருக்கு, தாளும் இருநூத்திப் பன்னெண்டு. அதுல நாப்பத்து மூணு தாளுக்கு முதுகுல முத்திரை இல்லம்மா.”

நர்ஸம்மாவுக்கு முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது.

விஷயம் இதுதான். ஓட்டுப் போட வருகிறவர் பெயரை உதவியாளர் பதிவேட்டில் குறித்துக்கொண்டு, புத்தகத்திலிருந்து ஒரு தாளைக் கிழிப்பார். தலைமை அதிகாரி அந்தத் தாளின் பின்பக்கம் சாவடி முத்திரையைக் குத்திக் கொடுக்கவேண்டும். போடுகிறவர் மறைவுக்குள் போய்க் குறி போட்டு, மடித்து, அந்த முத்திரை அதிகாரிக்குத் தெரிகிற மாதிரி காட்டிவிட்டுத்தான் பெட்டியில் போடவேண்டும். காட்டாமல் போடக்கூடாது. எண்ணுகிற இடத்திலும் முதலில் முதுகைப் பார்த்துவிட்டுத்தான் முகத்தைப் பார்ப்பார்கள். நேற்றுக் காலையில் வரிசையில் நின்ற ஒவ்வொருவருக்கும் இதை அவளே வாய் வலிக்கச் சொன்னாள்.

“நான் ஒவ்வொண்ணுக்கும் குத்தினேன் சார். குத்தாம ஒரு தாள்கூட என் கையை விட்டுப் போகல.”

“எல்லாம் கள்ள ஓட்டு!” என்று குதித்தார் பாலத்தார் பக்கத்து வக்கீல். “ராத்திரியோட ராத்திரியா உள்ள போட்டிருக்காங்க!”

“கணக்கு நேரா இருக்குன்னு இப்பத்தானே சொன்னேன். உக்காருங்க” என்றார் அதிகாரி. அவருக்குக் கோபப்படுவதற்கும் தொண்டை இல்லை. நர்ஸம்மா பக்கம் திரும்பினார். “தாள் நம்பரைப் பாருங்கம்மா. நூத்திப் பதினெட்டுல ஆரம்பிச்சு நூத்தி அறுபது வரைக்கும் வரிசையா. மத்தியானம் ஒரு மணியைச் சுத்தி இருக்கும். அந்த நேரத்துல எங்க போயிருந்தீங்க?”

“எங்கயும் போகல சார். சாப்பிடக்கூட எழுந்திரிக்கல. நாற்காலியிலதான் இருந்தேன்.”

“நீங்க என்ன சொல்றீங்க?” என்று தபால்காரரைக் கேட்டார்.

தபால்காரர் தன் பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தார். “அம்மா நாற்காலியிலதான் சார் இருந்தாங்க. அது சத்தியம்” என்றார்.

அந்த நாற்பத்து மூன்றையும் புரட்டி வைத்தார்கள். நாற்பத்தொன்று மாட்டு டாக்டருக்கு, இரண்டு பாலத்தாருக்கு. மற்ற எல்லாப் பெட்டியும் எண்ணி முடிந்து, எழுபத்தொன்றில் முத்திரை இருந்த தாள்களையும் சேர்த்த பிறகு, பாலத்தார் இருபத்தாறு ஓட்டு முன்னால் நின்றார். நாற்பத்து மூன்றும் சேர்ந்தால் மாட்டு டாக்டர் பதின்மூன்று ஓட்டில் ஜெயிக்கிறார். சேராவிட்டால் இருபத்தாறில் தோற்கிறார். இந்தக் கணக்குக்குப் பள்ளிக்கூடம் போயிருக்கவேண்டியதில்லை. கூடத்தில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டுப் பார்த்துவிட்டார்கள். நாற்பத்தோராயிரம் பேர் வெயிலில் நின்று போட்ட தேர்தல், கடைசியில் அவள் கைக்கும் ஒரு ரப்பர் கட்டைக்கும் நடுவே வந்து தொங்கியது.

மாட்டு டாக்டர் தன் பக்கத்துக்குத் தானேதான் நின்றார். “போட்டவங்க மேல என்ன தப்பு சார்? வந்தாங்க, வரிசையில நின்னாங்க, போட்டாங்க” என்றார்.

“எனக்குப் புரியாம இல்ல டாக்டர். முத்திரை இல்லாத தாள் வெறும் தாள்னு சட்டத்துல எழுதியிருக்கு. நான் என்ன, வீட்டுலயா எழுதினேன்?”

ஒரு காகிதத்தை நர்ஸம்மா முன்னால் நகர்த்தினார்கள். முத்திரை விடுபட்டது தன் கவனக்குறைவு, காரணம் நினைவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். இருபத்திரண்டு வருடத்தில் மருந்தின் அளவு மாற்றிக் கொடுத்ததில்லை, குழந்தை பிறந்த நேரம் ஒரு நிமிஷம் பிசகி எழுதியதில்லை. அப்படிப்பட்டவள் கவனக்குறைவு என்று தன் கையாலேயே எழுதினாள். பிறகு அதிகாரி தன் முத்திரையை எடுத்தார். முத்திரை இல்லை என்கிற குறை தீர்ந்தது. நாற்பத்து மூன்று தாள் மேலும் ஒவ்வொன்றாக ‘செல்லாது’ என்று விழுந்தது. டக், டக் என்று அந்தச் சத்தம் முடிகிறவரைக்கும் அவள் அங்கேயே நின்றாள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதை கேட்டிருக்கிறாள். உடைத்த கை தன்னுடையதாக இருக்கும் என்று நினைத்துப் பார்த்ததில்லை.

வெளியே பாலத்தாருக்குக் கோஷம் போட ஆரம்பித்துவிட்டார்கள். மாட்டு டாக்டர் படியில் அவளைத் தாண்டிப் போனவர் திரும்பி வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தாள். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

“பரவால்லம்மா. மனுஷங்கதானே. நாலு மணிக்கு ஒரு பசு கன்னு போட நிக்குது, நான் போகணும்” என்றார். போய்விட்டார்.

அவள் மலைக்குத்தான் போகவேண்டியிருந்தது. தேர்தலுக்கு முந்தின ராத்திரி, பெட்டியோடு மேலே போய்ப் பள்ளிக்கூடத்தில் படுத்தவளைக் கதவைத் தட்டி எழுப்பினார்கள். கடைக்காரம்மாவின் மகளுக்கு வலி. குழந்தை கால் முதலில் வந்தது. கீழே தூக்கிக்கொண்டு போக நேரமில்லை. விடிகிறவரை போராடிப் பெரிய உயிரையும் சின்ன உயிரையும் மீட்டு, முகத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டு நேராக வந்து வாக்குச்சாவடியில் உட்கார்ந்தாள். அந்தத் தாயையும் பிள்ளையையும் இன்றைக்குப் போய்ப் பார்த்தாகவேண்டும். தேர்தலில் யார் ஜெயித்தாலும் தொப்புள்கொடி காத்திருக்காது.

மலையடிவாரத்துக்குப் போகிற பேருந்தில் தபால்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார். பாதித் தூரம் போன பிறகு தொண்டையைக் கனைத்தார்.

“நர்ஸம்மா, நீங்க தூங்கிட்டீங்க.”

“எப்போ?”

“நேத்து. மத்தியானம். ரெண்டு கையையும் மேஜை மேல வச்சு, அது மேல நெத்தியை வச்சீங்க.”

“ரெண்டு நிமிஷம் கண்ணை மூடினேன். கூட்டம் இல்லாத நேரம்.”

“நாப்பது நிமிஷம்” என்றார் தபால்காரர். “நீங்க சாய்ஞ்ச கொஞ்ச நேரத்துலயே காட்டு வேலைக்குப் போனவங்க மொத்தமா வந்துட்டாங்க. சாப்பாட்டு நேரத்துல போட்டுட்டுத் திரும்பணும் அவங்களுக்கு. நான் உங்களை எழுப்பப் போனேன். எழுப்பாதீங்கன்னு எல்லாரும் சேர்ந்து கையைக் காட்டினாங்க. வாசல்ல நின்ன போலீஸ்காரர் சத்தம் கேட்கும்னு ஒவ்வொருத்தரையும் செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கச் சொன்னார்.”

நர்ஸம்மா தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ஊதா வட்டம். உள்ளே எழுபத்தொன்று என்பது மங்கலாக.

“முத்திரை?”

“உங்க ரெண்டு கைக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு இருந்துச்சு. உருவினா முழிச்சுக்குவீங்கன்னு விட்டுட்டேன்.”

“நாளெல்லாம் முத்திரை குத்துற மனுஷன்தானேய்யா நீங்க! குத்தாம குடுக்கலாமான்னு ஒரு தடவை தோணலையா?” அவள் போட்ட சத்தத்தில் முன்னால் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“அதனாலதான் தோணல” என்றார் தபால்காரர். “எங்க ஆபீஸ்ல எத்தனையோ கடிதம் முத்திரை விழாம வருது. விலாசம் சரியா இருந்தா நான் கொண்டுபோய்க் குடுத்துடுவேன். இதுவும் போய்ச் சேர்ந்துடும்னு நினைச்சேன் நர்ஸம்மா. மனுஷன் வந்திருக்கான், பேர் இருக்கு, தாள் இருக்கு. சேராதுன்னு எனக்குத் தெரியாது.”

“அங்கேயே சொல்லித் தொலைச்சிருக்கலாமே?”

“கவனக்குறைவுன்னா மெமோவோட போயிடும். தூங்கினாங்கன்னு எழுதினா வேலை போயிடும். ஓட்டுதான் போச்சு, நீங்களாவது மிஞ்சட்டும்னு வாயை மூடிக்கிட்டேன்.”

கன்னத்தில் அறையலாம் போலவும் இருந்தது, அழலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. நேற்று அவள் கண் விழித்தபோது அறை அவ்வளவு அமைதியாக இருந்தது. ஒரு பெஞ்சில் நாலு பேர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். எல்லார் முகத்திலும் ஒரு மாதிரிச் சிரிப்பு. “என்ன, ஊமை ஊருக்கு வந்துட்டேனா?” என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டே அடுத்த தாளில் முத்திரையைக் குத்தினாள். அது நூற்று அறுபத்தொன்றாம் தாள்.

மேட்டில் ஏறும்போது பேச மூச்சில்லை. நாலு இடத்தில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். தபால்காரர் பின்னாலேயே வந்தார். ஊருக்குப் போய் எல்லாரையும் கூட்டி வைத்து, என்னால்தான் போச்சு என்று சொல்லிவிடவேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். ஒளித்து வைத்துக்கொண்டு இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

சொல்லவேண்டிய அவசியமே வரவில்லை. ரேடியோவில் எல்லாம் வந்துவிட்டிருந்தது. எழுபத்தொன்றாம் சாவடியில் நாற்பத்து மூன்று வாக்கு செல்லாது, பழைய உறுப்பினர் இருபத்தாறு வாக்கில் வெற்றி. கடைக்காரம்மா அவளைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் நாற்காலியை நகர்த்திப் போட்டு டீயைக் கையில் கொடுத்தாள்.

“முதல்ல குடிங்க. முகம் செத்துப்போய்க் கிடக்கு.”

“என்னைத் திட்டுங்கக்கா.”

“எதுக்குத் திட்டணும்? என் பொண்ணையும் பேரனையும் குடுத்துட்டுப் போய் உக்காந்த ஆளு. பேயா நீங்க, தூக்கமே வராம இருக்கிறதுக்கு? தப்பு எங்க மேல. முத்திரை இல்லைன்னா ஓட்டு இல்லைன்னு எங்களுக்குப் புரியல. தபால்காரர் தலையை ஆட்டினார், நாங்க போட்டோம்.”

தபால்காரர் கடை வாசலிலேயே நின்றார். உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

“எழுப்பியிருக்கலாமேக்கா!” நர்ஸம்மாவுக்கு அடக்க முடியவில்லை. “ஒரு தட்டு! தோள்ல ஒரே ஒரு தட்டு! நாப்பத்து மூணு பேர் வந்தீங்களே, ஒருத்தருக்குக்கூடவா கை இல்லாமப் போச்சு?”

“எழுப்பலாம்னுதான் இருந்தோம். இன்னும் அஞ்சு நிமிஷம், இன்னும் அஞ்சு நிமிஷம்னு ஆளாளுக்குச் சொன்னோம். அப்படியே எல்லாரும் போட்டு முடிச்சுட்டோம்.”

தாயையும் பிள்ளையையும் பார்த்தாள். கொடி சுத்தமாக இருந்தது. காய்ச்சல் இல்லை. பிள்ளை பால் குடித்துவிட்டு, தொகுதியில் யார் ஜெயித்தால் எனக்கென்ன என்று தூங்கிக்கொண்டிருந்தது. பை மூடுகிற நேரத்தில் தையல்காரப் பெண் வந்து வாசலில் நின்றாள். ஆறு மாதம் தாண்டிய வயிறு. புருஷன் எங்கேயோ ரோடு போடுகிற வேலைக்குப் போனவன், மாதத்துக்கு ஒரு தடவை வருவான். கையில் பிரசவ அட்டை வைத்திருந்தாள்.

“உங்களைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன் அக்கா. இன்னைக்கு வரமாட்டீங்கன்னு சொன்னாங்க.”

“ஏன் வராம? வா, படு.”

வயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். குழந்தையின் தலை மேல் பக்கம்தான் இருந்தது. திரும்ப இன்னும் நாள் இருக்கிறது. துடிப்பை எண்ணினாள். பெண் சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“நான்தான் அக்கா சொன்னேன், எழுப்பாதீங்கன்னு. வரிசையில முதல் ஆளு நான். காட்டாம போடக்கூடாதுன்னு காலையில சொன்னீங்கல்ல? அதனால தாளை மடிச்சு உங்க முகத்துக்கு நேரா காட்டினேன். ரொம்ப நேரம் காட்டிக்கிட்டே நின்னேன். நீங்க அசையவே இல்ல. என் பின்னாடி வந்தவங்களும் ஒவ்வொருத்தரா அப்படியே காட்டிட்டுத்தான் போட்டாங்க.”

நர்ஸம்மாவின் எண்ணிக்கை விட்டுப்போனது. மறுபடியும் முதலிலிருந்து எண்ணினாள்.

“எனக்கும் நீங்கதானே ராத்திரி பூரா முழிச்சிருக்கணும்” என்றாள் அந்தப் பெண். “அதுக்குத்தான், இப்பவாவது தூங்கட்டும்னு சொன்னேன்.”

நர்ஸம்மா அட்டையை வாங்கிப் பார்த்தாள். தேதி அவள் கையெழுத்தில்தான் இருந்தது. பிரசவ அறையை மூடுகிற நாளுக்கு ஒன்பது நாள் கழித்து. எத்தனை தடவை விரல் விட்டாலும் ஒன்பது ஒன்பதாகத்தான் வந்தது. பாலத்தார் இந்நேரம் மாலையும் கழுத்துமாக எங்கேயாவது பேசிக்கொண்டிருப்பார். பேனா அவர் சட்டைப்பையில் இருக்கும்.

“தேதிக்கு நீங்க இருப்பீங்கல்ல அக்கா?”

உண்மையைச் சொல்லியிருக்கலாம். அந்த அறை இருக்காது, நான் நகரத்தில் இருப்பேன், நீ ஒரு வாரம் முன்னாலேயே கிளம்பி வந்துவிடு, அங்கே தங்க இடம் இல்லை, உன் புருஷனை வரச் சொல் என்று எல்லாவற்றையும் சொல்லியிருக்கலாம். நாளைக்குச் சொல்லத்தான் போகிறாள். ஆனால் அந்தப் பெண் எழுந்து உட்கார்ந்து அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“வந்துடுவேன்டி” என்றாள் நர்ஸம்மா.

பெண் சிரித்துக்கொண்டே அட்டையை வாங்கிக்கொண்டு போனாள். அவள் போன பிறகுதான் நர்ஸம்மாவுக்கு உறைத்தது, இப்போது தான் பேசியது பாலத்தாரின் பேச்சு. நகரத்திலிருந்து மூன்று மணி நேரம் பேருந்து, அடிவாரத்திலிருந்து இரண்டு மணி நேரம் நடை. பாலமும் இல்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு இறங்க ஆரம்பித்தாள்.